ஏழு துறையின் பத்தாம் நாள்

கடைசிக் குடம் பாதிதான் இருந்தது. பானுமதி அதைத் தூக்கி, வாசல் பெஞ்சில் கிடத்தியிருந்த கணவன் பச்சியப்பனின் தோளில் தொடங்கி மெல்ல ஊற்றிக்கொண்டு வந்தாள். முழங்கால் வருவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

"இன்னொரு குடம் எடுங்கடி" என்றாள் சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி.

"எங்கருந்து எடுக்கறது? வடக்குத் தெருவுக்குத் தண்ணி வுட்டு அஞ்சு நாளாச்சி."

"டேங்க்காரன் பொணத்தக் குளிப்பாட்டத் தண்ணியில்லன்னா ஊரே சிரிக்கும்மே."

"சிரிக்கட்டும். தெக்குத் தெருவுக்கு மட்டும் ரெண்டு தரம் வுட்டாரு முனியப்பன். அங்கதான அவுரு மாமியா வூடு?"

பெண்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டுச் சட்டென்று அடங்கினார்கள். பச்சியப்பனின் தம்பி முனியப்பன் பந்தல் கால் ஓரமாக நின்றிருந்தான். அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து வால்வு திருப்புகிற வேலை அவனுடையதுதான். அவன் பானுமதி அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணி, நான் என்ன பண்ணட்டும்? எந்தத் தெருவுக்கு எந்த நாளுன்னு அண்ணன் போன்லதான் எழுதி வெச்சிருக்குது. நானும் பத்து நாளாக் கேக்கறேன்."

"சார்ஜ் இல்ல" என்றாள் பானுமதி.

பத்து நாளாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கரண்ட் இருக்கிற வீட்டில் ஒரு போனுக்குப் பத்து நாள் சார்ஜ் இல்லாமல் இருக்குமா என்று அன்றும் யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு சுகுணா தன் போர் மோட்டாரைப் போட்டு இரண்டு குடம் கொண்டுவந்து வைத்தாள். இரவல் தண்ணீரில் மீதிக் காலைக் கழுவினார்கள்.

சனிக்கிழமைச் சாவு. சனிப் பிணம் தனியாகப் போகாது, துணை தேடும் என்பதால் பாடையின் கால்மாட்டில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டினார்கள். மேளம் அதிர அதிர அது கத்தியது. நான்கு மணிக்கு அவர்களுடைய புளியமரத்துக் காட்டின் மூலையில், ஜேசிபி தோண்டி வைத்திருந்த குழியில் பச்சியப்பனை இறக்கினார்கள். பானுமதி வீட்டோடு நின்றுகொண்டாள். மகள் ஐஸ்வர்யா சேலத்தில் நர்சிங் படிக்கிறவள். அவள் மட்டும் யார் தடுத்தும் கேட்காமல் பாடையின் பின்னால் போனாள்.

பச்சியப்பனுக்கு நாற்பத்தேழு வயது. இண்டூருக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன ஊரின் மேல்நிலைத் தொட்டிக்கு அவன்தான் ஆபரேட்டர். வேலை எளிதாகத் தெரியும், எளிதல்ல. தொட்டி ஒன்று, தெரு ஐந்து. எல்லா வால்வையும் ஒன்றாகத் திறந்தால் பள்ளத்துத் தெருவே மொத்தத்தையும் குடித்துவிடும். மேட்டுத் தெருவில் குழாய் மூச்சு விடும், தண்ணீர் வராது. ஆகவே முறை வைத்து, ஒரு தெருவை அடைத்து இன்னொன்றைத் திறக்க வேண்டும். ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளுக்கு ஒரு கணக்கு, போர் தண்ணீருக்கு வேறு கணக்கு. தன் முறை நிச்சயம் வரும் என்று தெரிந்தால்தான் குடத்தை வைத்துக்கொண்டு மனுஷி பேசாமல் நிற்பாள். முறையில் சந்தேகம் வந்துவிட்டால் அன்றைக்கே மயிர்ப்பிடிச் சண்டை. இதைப் பச்சியப்பன் யார் கேட்டாலும் சலிக்காமல் விளக்குவான். கேட்காதவர்களுக்கும் விளக்குவான்.

அவனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதற்குச் சம்பளம் கிடையாது. வீட்டைத் தாண்டி ஊரில் ஒருவருக்கும் அது தெரியாது.

பதினோரு வருஷமாக அவன் போனில் ஒரு குழு வைத்து ஒரு கதையை நடத்திக்கொண்டிருந்தான். எழுதிக்கொண்டிருந்தான் என்று சொன்னால் சரியாக வராது. பதினெட்டுப் பேர் சேர்ந்து எழுதுகிற விளையாட்டு அது. 'ஏழு துறை' என்று பெயர். இல்லாத ஒரு பெரிய ஆறு, அதன் கரையில் ஏழு படித்துறைகள். விளையாடுகிற ஒவ்வொருவரும் அந்தக் கதையில் ஓர் ஆள். ஒருவன் ஓடக்காரன், ஒருத்தி கண் தெரியாத வைத்தியச்சி, ஒருவன் ஊரைவிட்டு ஓடிவந்த கொல்லன். பச்சியப்பன் கதைசொல்லி. "விடியற்காலை. மூன்றாம் துறையில் தண்ணீர் நான்கு படி ஏறியிருக்கிறது. அக்கரையில் யாரோ தீப்பந்தம் ஆட்டுகிறார்கள்" என்று அவன் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வான். மற்றவர்கள் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று எழுத வேண்டும். அவரவர் ஆளை மட்டும்தான் நகர்த்தலாம், அடுத்தவன் ஆளைத் தொடக்கூடாது. நடக்குமா நடக்காதா என்று சந்தேகமுள்ள காரியத்துக்குத் தாயக்கட்டை உருட்டிப் படம் எடுத்துப் போடுவான். எல்லோரும் எழுதிய பிறகு, அவர்கள் செய்ததையெல்லாம் கோத்து, அதனால் என்ன ஆயிற்று என்று மறுபடி அவன் எழுதுவான். ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று நாள். கதையில் ஒரு பகல் கழிய நிஜத்தில் ஒரு மாதம் ஆகும்.

பானுமதிக்கு இதெல்லாம் தெரியும். ஒரு மாசி மாதம் இருவரும் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தபோது அவனாகவே முழுக்க விளக்கினான். அதற்கு முந்தின வாரம் அவள் அவனுடைய போனை எடுத்துப் பார்த்து, "உங்களுக்காகத்தான் காத்திருக்கிறேன், இருட்டுவதற்குள் வந்துவிடுங்கள்" என்று ஒருத்தி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு மூன்று நாள் பேசாமல் இருந்தாள்.

"அது வைத்தியச்சி பானு. ஓடக்காரனப் பாத்து சொல்றா. நெஜத்துல அவ மூணு புள்ள பெத்த டீச்சரு."

"டீச்சருக்கு வேற வேலயில்லியா?"

"இருக்குது. அதனாலதான் மூணு நாளைக்கு ஒருக்கா எழுதறா." புளியங்கொட்டையைத் தட்டியபடி அவன் உற்சாகமாகிவிட்டான். "இந்த மாதிரி ஆட்டம் எத்தன ஆரம்பிப்பாங்க தெரியுமா? நூறு ஆரம்பிச்சா தொண்ணூறு ரெண்டே மாசத்துல செத்துரும். சண்ட போட்டுச் சாவறதில்ல. சத்தமில்லாம சாவும். மொதல்ல ஒருத்தன் ஒரு நாள் லேட்டு. அவனுக்காக நாலு பேரு நிப்பாங்க. நின்னதுல ரெண்டு பேருக்கு என்ன எழுத இருந்தோம்னே மறந்துரும். அப்புறம் எல்லாரும் அடுத்தவன் எழுதட்டும்னு பாப்பாங்க. முடிஞ்சிது. பைப்பு மாதிரிதான். தண்ணி ஓடிக்கிட்டே இருந்தா ஒண்ணும் ஆவாது. காலியா கெடந்தா காத்து பூந்துக்கும்."

"உங்களுது மட்டும் எப்பிடி சாவாம கெடக்குது?"

அவள் குத்தலாகத்தான் கேட்டாள். அவன் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டான். அவனுடைய பலமும் அதுதான், அவளுக்கு எரிச்சலும் அதுதான். ஞாயிறு, செவ்வாய், வெள்ளி காலை ஆறு மணிக்கு, வால்வைத் திறந்துவிட்டு வந்ததும் தான் எழுதிவிடுவதாகவும், ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்றும் சொன்னான். ஒரு ஆள் இரண்டு நாள் வராவிட்டால் காத்திருக்க மாட்டான். கதையில் அந்த ஆளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு மேலே போவான். வராதவன் ஆளை ஒருபோதும் சாகடிக்க மாட்டான், ஏனென்றால் திரும்பி வர நினைப்பவனுக்கு உட்கார ஓர் இடம் வேண்டும். போகிறவன் சொல்லிவிட்டுப் போக வேண்டும். 'ஓய்வு' என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், காரணம் கேட்கப்படாது.

"நீங்க வரலன்னா?"

"நானும் ஓய்வுன்னு போடணும். போட்டா ஓடக்காரன் கதய எடுத்துப்பான். பேரு ஆரோக்கியராஜ், லாரி ஓட்டறான். அவனுக்கு அடுத்து என்ன வருதுன்னு கொஞ்சம் சொல்லி வெச்சிருக்கறேன். ஒண்ணுமே சொல்லாம நான் பத்து நாள் வரலன்னு வையி, ஆட்டம் முடிஞ்சிதுன்னு அர்த்தம். எல்லாரும் கலஞ்சி போயிரணும்."

"அதென்ன பத்து நாளு?"

"இதுக்கு முன்னால நான் இருந்த ஆட்டத்துல கதசொல்லி ஒரு நாள் காணாமப் போயிட்டாரு. வருவாரு வருவாருன்னு ஒரு வருசம் தெனமும் எடுத்துப் பாத்தேன் பானு. அந்த மாதிரி யாரையும் நிக்க வெக்கக் கூடாது."

ஒரு வருஷம் எதையோ தினமும் எடுத்துப் பார்த்தவனோடு தான் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம் என்று அவள் நினைத்தாள். வாயைத் திறந்து, "கொட்டய அந்தப் பக்கம் தள்ளுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு திங்கட்கிழமை தொட்டி ஏணியில் இறங்கும்போது பத்தடி உயரத்தில் கால் வழுக்கி விழுந்தான். விலா எலும்பு மூன்று முறிந்து, ஒன்று நுரையீரலில் குத்தியிருந்தது. தர்மபுரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் சாயங்காலம் ஒரு வேளை, ஒரு ஆள், பத்து நிமிஷம்தான் உள்ளே விட்டார்கள். பானுமதி முகமூடியும் பச்சை அங்கியும் மாட்டிக்கொண்டு போனாள். மூச்சுக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் அவனால் பேச முடியவில்லை.

"போன்ல… குழுவுல… ஓய்வுன்னு போடு."

அவள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. இத்தனாம் நம்பர் அறை, அந்தச் சீட்டு, இந்தக் கையெழுத்து என்று அலைந்து கால் வீங்கியிருந்தது. அவன் கண்ணைத் திறந்தால் தன் பெயரைச் சொல்வான், ஐசு எங்கே என்பான் என்று நினைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஏழு மணி நேரம் நின்றிருந்தாள்.

"சரி" என்றாள்.

வெளியே வந்து பையிலிருந்து அவன் போனை எடுத்தாள். திரையில் அந்தக் குழுவின் அறிவிப்புகள் வரிசையாக நின்றன. சாகக் கிடக்கும்போதும் இதுதானா என்று தோன்றியது. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, மாற்றுப் புடவைக்கு அடியில் செருகினாள்.

மறுநாள் அவன் கேட்டான். "போட்டியா?"

"போட்டேன்."

அவன் முகம் எப்படித் தளர்ந்தது என்று அவள் பார்த்தாள். மருந்து செய்யாததை அந்தச் சொல் செய்தது. அப்படியானால் சொல் போதுமே என்று அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. வியாழக்கிழமை, "என்ன சொன்னாங்க?" என்றான். "நல்லா ஆயிட்டு வாங்கன்னு எல்லாரும் எழுதறாங்க" என்றாள். வெள்ளிக்கிழமை, "வைத்தியச்சி?" என்றான். "அவுங்களுந்தான்." பொய் சொல்வது இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை, நிஜமாகவே அந்த வார்த்தையைப் போட்டுவிடலாம் என்று போனை வெளியே எடுத்தாள். ஆறு நாள் கழித்துப் போட்டால் ஆறு நாளைய கேள்விகள் அதில் நிற்கும், அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. முகம் தெரியாத பதினெட்டுப் பேருக்கு ஒரு வாரம் கதை இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்றும் தோன்றியது. மறுபடி உள்ளே வைத்தாள். அன்று ஐஸ்வர்யா உள்ளே போய்ப் பார்த்தாள். மகளிடம் அவன் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் போட்டாயிற்றே.

செவ்வாய்க்கிழமை அவன் கொஞ்சம் தெளிவாக இருந்தான். நர்ஸ் முதுகில் தலையணை வைத்திருந்தாள். கண்ணில் பழைய ஆர்வம் வந்திருந்தது.

"ஆரோக்கியம்… கதய எடுத்துட்டானா?"

"எடுத்துட்டாரு."

"படகு… எங்க நிக்குது?"

அவள் யோசித்தாள். ஆறு, துறை, ஓடக்காரன். "அக்கர போயி சேந்துருச்சி" என்றாள். நல்ல செய்தியாக இருக்கட்டும் என்று, "பத்தரமா" என்றும் சேர்த்தாள்.

அவன் அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. தண்ணீர் வராத குழாயை, எங்கே அடைப்பு என்று யோசித்தபடி அவன் பார்க்கிற பார்வை ஒன்று உண்டு. அது போலப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பி, மேலே தொங்கிய பாட்டிலில் சொட்டு இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி" என்றான்.

மறுநாள் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "இன்னிக்கு என்ன கெழம?"

"புதன்."

கண்ணை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு குழுவைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வலி கூடிவிட்டது, அதனால்தான் என்று அவள் நினைத்தாள். அப்பாடா என்றுகூட இருந்தது. வியாழன் இரவு காய்ச்சல் ஏறியது. சனிக்கிழமை விடியற்காலையில் போய்விட்டான்.

திங்கட்கிழமை மூன்றாம் நாள். காலையில் குழிமேட்டில் பால் ஊற்றிவிட்டு வந்தார்கள். வந்து கால் கழுவுவதற்குள் வாசலில் வடக்குத் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் காலிக் குடங்களோடு நின்றார்கள். சாவு வீட்டு மரியாதைக்கு இரண்டு நாள் பொறுத்திருந்தவர்கள்.

"பானு, தப்பா நெனச்சிக்காத. உன் கொழுந்தனுக்குக் கிழக்கு எது மேக்கு எதுன்னு தெரியல."

"யேய், சொல்லிக் காட்டாத" என்றான் முனியப்பன். "அண்ணி, அந்தப் போன ஒருக்கா போட்டுக் குடுத்துருங்க. நான் அத மட்டும் பாத்து எழுதிக்கிறேன்."

ஐஸ்வர்யா சார்ஜர் எடுத்து வந்து நீட்டினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பானுமதி போனை எடுத்துச் செருகினாள். மகள் பிறந்த வருஷம்தான் பூட்டுக்கு எண். தண்ணீர் முறை முதல் பக்கத்திலேயே இருந்தது. முனியப்பன் ஒரு அட்டையில் எழுதிக்கொண்டான். கால் மணி நேரத்தில் வடக்குத் தெருக் குழாய்களில் சத்தம் கேட்டது. இரண்டு வாரக் குழப்பம் ஒரு அட்டையில் தீர்ந்துவிட்டது.

பானுமதி போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

குழு இருந்தது. கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி இரண்டு நிமிஷத்துக்கு அவன் எழுதியதிலிருந்து கீழே படித்தாள்.

செவ்வாய்: "என்னது, ஆறு மணி தாண்டிருச்சு? சூரியன் உதிச்சிருச்சான்னு யாராவது பாருங்கப்பா." புதன்: "கதைசொல்லிக்குக் காய்ச்சல். நம்ம வழக்கப்படி கட்டிலில் படுக்க வைத்துப் போர்த்தியிருக்கிறோம்." அதற்குக் கீழே சிரிப்பு முகங்கள். வெள்ளிக்கிழமை வைத்தியச்சி, அந்த மூன்று பிள்ளை பெற்ற டீச்சர், கதைக்குள்ளேயே எழுதியிருந்தாள்: "வைத்தியச்சி கட்டிலருகே கைவைத்துப் பார்க்கிறாள். கட்டில் காலியாக இருக்கிறது." ஞாயிறு: "ஒரு வார்த்தை. பதினோரு வருஷமா எங்களுக்குச் சொன்னவர் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" திங்கள்: "வேறு ஆட்டம் ஆரம்பித்திருப்பார். எல்லாரும் அப்படித்தான்." ஓடக்காரன் அவனை அதட்டியிருந்தான்: "வாயை அலம்பு. அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை. இன்னும் ரெண்டு நாள் இருக்கிறது."

புதன்கிழமை, பத்தாம் நாள். விதிப்படி ஒவ்வொருவரும் தங்கள் ஆளுக்குக் கடைசி வரி எழுதியிருந்தார்கள். கொல்லன் உலையைத் தணித்தான். ஒருத்தி தன் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறினாள். வைத்தியச்சி தடியை எடுத்துக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் படிகளை எண்ணிக்கொண்டே மேலே போனாள். ஒவ்வொன்றுக்கும் கீழே பொடி எழுத்தில், குழுவை விட்டு வெளியேறினார். வெளியேறினார். வெளியேறினார். ஓடக்காரன் மட்டும் வியாழன் சாயங்காலம் வரை இருந்தான்.

அவள் மேலே தள்ளிப் பின்னோக்கிப் போனாள். என்ன தேடுகிறோம் என்று தெரியாமலே போனாள். அவன் விழுவதற்கு மூன்று வாரம் முந்தின ஒரு வெள்ளிக்கிழமையில் விரல் நின்றது. பச்சியப்பன் எழுதியிருந்தான்:

"ஏழு துறைக்கும் இருந்த ஒரே படகு எரிகிறது. ஓடக்காரன் இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்க்கிறான். பலகை பலகையாக அது ஆற்றில் இறங்குகிறது. இனி அக்கரைக்கு யாரும் போக முடியாது. புதுப் படகு கட்ட மரம் வேண்டும். மரம் அக்கரையில் இருக்கிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?"

அதற்குக் கீழே ஒரே கூச்சல். எப்படி அண்ணே மனசு வந்தது, பதினோரு வருஷப் படகு. அவனுடைய பதில்: "கவலைப்படாதீங்க. வழி வெச்சிருக்கேன். கண்டுபிடிங்க."

பானுமதி அந்த வரியைப் பார்த்தபடி இருந்தாள். படகு எங்கே நிற்கிறது என்று அவன் கேட்டது கேள்வியே இல்லை. நெஞ்சில் கொஞ்சம் சந்தேகம் தட்டியிருக்கும்; குழாயைத் திறந்து பார்ப்பதுபோல ஒரு சொட்டு விட்டுப் பார்த்திருக்கிறான். அவள், அக்கரை போய்ச் சேர்ந்துவிட்டது, பத்திரமாக என்றாள். அன்று ஒன்பதாம் நாள். இன்னும் ஒரு நாள் இருந்தது. நர்ஸிடம் சொல்லியிருக்கலாம். அவளையே அதட்டியிருக்கலாம். மறுநாள் கிழமை மட்டும் கேட்டுக்கொண்டு கண்ணை மூடினான். ஏன் கேட்கவில்லை என்பதை இனி அவள் யாரிடம் கேட்பது?

போன் கையில் அதிர்ந்தது. ஓடக்காரன் என்று பெயர் விழுந்தது. அடுத்த தெருவில் தண்ணீர் வந்தால் உடனே தெரிந்துவிடுவதுபோல, அணைந்திருந்த போன் உயிர்பெற்றது அங்கே எப்படியோ தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் தடவை அடித்தபோது எடுத்தாள்.

"அண்ணே!" லாரி இரைச்சலுக்கு மேல் குரல் கத்தியது. "உசுரோடதான் இருக்கீகளா? செத்துட்டீகன்னு முடிவே பண்ணிட்டோம்! ஏண்ணே, பதினோரு வருசத்துல மொதத் தடவையா ஒங்க குரலக் கேக்கப் போறேன், திட்டணும்னு நெனச்சு வெச்சதெல்லாம் மறந்துபோச்சுண்ணே. பேசுங்க."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அண்ணே?"

"நான் அவுரு சம்சாரங்க."

இரைச்சல் குறைந்தது. வண்டியை ஓரம் கட்டியிருக்க வேண்டும். அவள் சொன்னாள். ஏணி, விலா எலும்பு, ஆஸ்பத்திரி, சனிக்கிழமை. நான்கு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அவன், "எந்தத் திங்கக்கிழமைக்கா விழுந்தாக?" என்றான். அவள் தேதியைச் சொன்னாள். மனதுக்குள் நாள் எண்ணுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அப்ப நாங்க கலஞ்சு போறப்ப அண்ணன் உள்ள கெடந்துருக்காக." குரல் உடைந்தது. "நான்தேங்க்கா கடைசியாப் போனேன். ஓடிட்டாருன்னு பேசுனாய்ங்க. நானும் ஒரு நா ராத்திரி அப்பிடித்தே நெனச்சேன். ஒரு வார்த்த யாராச்சும் சொல்லியிருந்தா பத்து வருசம்னாலும் ஆட்டத்தப் புடிச்சு நிறுத்தியிருப்பனேக்கா. சொல்ல ஆளில்லையா?"

சாத்திய கதவின் அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"போன உள்ள வுடலங்க" என்றாள் பானுமதி. "அது எங்க வெச்சோம்னே தெரியல."

"ஆமா. அந்த நேரத்துல யாருக்குத் தோணும்." அவன் மூக்கை உறிஞ்சினான். "தப்பு எங்க மேலதேங்க்கா. பத்து நாளுன்னா பத்து நாளா? மனுசனுக்கு என்னாச்சுன்னு தேட வேணாம்? இப்ப யாருகிட்டப் போயிச் சொல்றது? அண்ணனும் நானுந்தே நம்பரு மாத்திக்கிட்டோம், மத்தவுகள்ல ஒருத்தர் நம்பரும் ஒருத்தர்கிட்ட இல்ல. சொந்தப் பேரு சொல்லக்கூடாதுங்கறது ஆட்டத்து வழக்கம். டீச்சரம்மா அப்பிடி அழுதுட்டுப் போனாக. அவுகளுக்குச் சாகற வரைக்கும் அண்ணன் சொல்லாமப் போன மனுசன்தே."

அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? படகுக்கு என்னமோ வழி வெச்சிருந்தாக. எனக்கும் சொல்லல. கடைசியா எதாச்சும் சொன்னாகளா? எங்களப் பத்திக் கேட்டாகளா?"

பதில் அவளிடம் இருந்தது. முதல் நாள் முதல் வார்த்தையே உங்களைப் பற்றித்தான் கேட்டார். தினமும் கேட்டார். ஒன்பதாம் நாள் வரை கேட்டார்.

"இல்லீங்க" என்றாள். "பேச்சே இல்ல."

"அப்பிடியா" என்றான் அவன். பிறகு "சரிக்கா" என்றான்.

இணைப்பு போனது. ஐஸ்வர்யா கதவைத் தட்டி, சாப்பிட வரச் சொன்னாள். யாரிடம் பேசிக்கொண்டிருந்தாய் என்று கேட்டதற்கு, அப்பாவுக்குத் தெரிந்த ஒருத்தர் என்றாள். மகள் சோறு போடப் போனாள்.

ஜன்னலுக்கு வெளியே பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். துணியை மடித்தாயிற்று. மூங்கில் கால்களை ஒவ்வொன்றாக ஆட்டி ஆட்டிப் பிடுங்கி வண்டியில் ஏற்றினார்கள். வாசலில் வரிசையாக எட்டுக் குழிகள் தெரிந்தன. மாடு கன்று கால் வைத்துவிடும் என்று முனியப்பன் குனிந்து கையால் மண் அள்ளிப் போட்டு, ஒவ்வொன்றையும் குதிகாலால் மிதித்துச் சமமாக்கிக்கொண்டு போனான்.